கோதாவை விட்டு இறங்கிய பின்: செய்யது அப்துல் காதர் என்ற குத்துச்சண்டை வீரர்

சம்பூர் மைதானத்தின் ஓரத்து வேப்பமரத்தில் ஒரு சாக்குத் தொங்குகிறது. அரிசிச் சாக்கு. உள்ளே பழந்துணியும் தும்பும் கொஞ்சம் மணலும் அடைத்து, வாயை நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அஸர் தொழுது முடிந்து கொஞ்ச நேரத்தில் பதினைந்து, பதினாறு பிள்ளைகள் அதைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். பாதிப்பேர் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனைப் பிள்ளைகள். மீதிப்பேர் மூதூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள். அவர்களில் ஒருவன் என் மகளின் மகன்.

பழக்குகிறவர் கட்டாரில் ஏழு வருஷம் உழைத்துவிட்டு வந்த ஒரு தம்பி. அங்கே வேலை முடிந்த நேரங்களில் ஒரு ஜிம்மில் குத்துச்சண்டை பழகியிருக்கிறார். பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை. கையுறை இரண்டு சோடிதான் உண்டு. ஒருவன் கழற்ற, மற்றவன் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஊர் எனக்குப் புதிதல்ல. இங்குள்ள பாடசாலையொன்றில் ஆறு வருஷம் சரித்திரம் படிப்பித்தேன். 2006 ஏப்ரலில் குண்டு விழுந்தபோது சம்பூர்ச் சனம் எழும்பி ஓடியது. அதே வருஷம் ஓகஸ்டில் மூதூர்ச் சனமாகிய நாங்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்குப் போனோம். நாங்கள் சில வாரங்களில் திரும்பிவிட்டோம். சம்பூர் மக்கள் தங்கள் காணியில் மீண்டும் கால்வைக்க 2015, 2016 வரை முகாம்களில் காத்திருக்க நேர்ந்தது. ஆகவே இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே சாக்கைக் குத்துவதை என்னால் வெறும் விளையாட்டாகப் பார்க்க முடிவதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர், என்னிலும் மூத்தவர், மெதுவாகக் கேட்டார்: "சேர், உங்கட பேரன் மனிசன்ட முகத்தில குத்துறதுக்குப் பழகுறானாமே. மார்க்கத்தில அதுக்கு இடமிருக்கா?" அன்றிரவு சாப்பிடும்போது பேரன் வேறொரு கேள்வியை வைத்தான்: "மூத்தாப்பா, முஹம்மத் அலியை விட்டா நம்மட ஆக்கள்ல வேற பொக்சர் ஒருத்தரும் இல்லியா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டாவது கேள்வி சரித்திரக் கேள்வி என்பதால் அதிலிருந்து தொடங்கினேன். தேடிக்கொண்டு போகப் போக முதற்கேள்விக்கும் அதற்குள்ளேயே ஒரு பதில் கிடப்பது தெரிந்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

துறைமுக விளையாட்டு

கையுறை போட்டுக்கொண்டு, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு என்று விதிகளுக்குக் கட்டுப்பட்டு மோதும் இன்றைய குத்துச்சண்டை 1867இல் இங்கிலாந்தில் வெளியான குயின்ஸ்பெரி விதிகளோடு உருவானது. அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தவர்களில் முதலிடம் படையினருக்கும் கடற்படையினருக்கும் உரியது. நங்கூரமிட்ட கப்பலில் பொழுதுபோக வேண்டும், இளைஞர்களின் முறுக்கும் அடங்க வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழி இது. ஆகவே கடற்படைத் தளங்கள் எங்கெங்கு இருந்தனவோ அங்கெல்லாம் குத்துச்சண்டையும் கரையேறியது.

திருகோணமலைக்கும் சிங்கப்பூருக்கும் இந்த வகையில் ஓர் உறவு உண்டு. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு மாதங்கூட ஆகவில்லை, ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. சிங்கப்பூரை இழந்த பிரித்தானியருக்கு நமது குடா அவ்வளவு முக்கியமாகிவிட்டிருந்தது. யுத்தம் முடிந்து, 1957இல் திருகோணமலைத் தளம் இலங்கையிடம் கைமாறியது. சிங்கப்பூரிலோ 1971வரை பிரித்தானியக் கடற்படை இருந்தது. அங்கே நியூ வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட் போன்ற கேளிக்கைப் பூங்காக்களில் காசு கொடுத்துக் குத்துச்சண்டை பார்க்கும் பழக்கமும் ஊறியிருந்தது.

இலங்கையிலும் அந்த விளையாட்டுக்கு வேர் இல்லாமலில்லை. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்ரிக்கஸ் இலங்கைக்குத் தங்கம் வென்றார். பாடசாலைகளுக்கிடையிலான ஸ்டப்ஸ் கேடயப் போட்டி பரம்பரை பரம்பரையாக நடந்துவருகிறது. ஆனால் அது பெரும்பாலும் கொழும்பிலும் கண்டியிலும் உள்ள பெரிய கல்லூரிகளின் கதை. கொட்டியாரக் குடாவின் இந்தக் கரைக்கு அந்தக் கேடயம் வந்து சேரவில்லை.

நாற்பத்தெட்டுக் கிலோ

என் பேரனுக்கு நான் சொன்ன முதற்பெயர் செய்யது அப்துல் காதர். நம் ஊர்ச் சந்தையில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இவர் சிங்கப்பூர்க்காரர். 1972இல் மியூனிச் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் சார்பில் குத்துச்சண்டை மேடை ஏறியவர். அந்த நாட்டிலிருந்து ஒலிம்பிக்குக்குப் போன முதற் குத்துச்சண்டை வீரர் அவரே.

அவர் மோதியது லைட் ஃப்ளைவெயிட் என்ற எடைப்பிரிவில். அதாவது 48 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. நம் கடையில் 50 கிலோ அரிசி மூட்டையை ஒருவர் தோளில் தூக்கிப்போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மூட்டையிலும் இரண்டு கிலோ குறைந்த மனிதர்கள் மோதுகிற பிரிவு அது. 1968 மெக்ஸிக்கோ ஒலிம்பிக்கில்தான் இந்தப் பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு அந்த அளவு உடம்புக்காரர் தம்மிலும் கனத்தவர்களோடுதான் மோதவேண்டும். ஆசிய நாடுகளின் சின்ன உடம்புக்கு ஒலிம்பிக்கில் ஒரு கதவு திறந்து நாலு வருஷத்துக்குள் காதர் அதன் வழியே உள்ளே போனார் என்று சொல்லலாம்.

அந்தக் காலத்தில் அமெச்சூர் போட்டிகளில் தலைக்கவசம் கிடையாது. ஒலிம்பிக்கில் அது வந்தது 1984இல். மூன்று நிமிடம் வீதம் மூன்று சுற்று, சுற்றிலும் ஐந்து நடுவர்கள் புள்ளியிடுவார்கள். அமெச்சூர் என்றால் அரைகுறை என்று பொருளல்ல. பரிசுப் பணத்துக்காக மோதாதவர் என்பதே பொருள். பகலில் பிழைப்பு, மாலையில் பயிற்சி, போட்டி வந்தால் லீவு கேட்டுப் போவது என்பதே அன்றைய ஆசிய அமெச்சூர்களில் பெரும்பாலோரின் வாழ்க்கை.

மியூனிச் என்றதும் உலகம் நினைவுகூருவது விளையாட்டை அல்ல. 1972 செப்டெம்பர் 5இல் ஒலிம்பிக் கிராமத்துக்குள் ஆயுதக்குழுவொன்று புகுந்தது. இஸ்ரேலிய அணியைச் சேர்ந்த 11 பேர் உயிரிழந்தார்கள். போட்டிகள் நின்று, பின்னர் தொடர்ந்தன. சின்ன நாடுகளிலிருந்து போன எத்தனையோ வீரர்களின் சின்னச் சின்னக் கதைகள் அந்த இரத்தத்துக்கு அடியில் மறைந்துபோயின. சிங்கப்பூர் சுதந்திர நாடாகி ஏழு வருஷமே ஆகியிருந்த நேரம் அது. புதிய கொடியொன்றை நெஞ்சில் குத்திக்கொண்டு முதன்முதலாக அந்த மேடையில் ஏறிய 48 கிலோ மனிதரின் கதையும் அவற்றில் ஒன்று.

இரண்டு வருஷங்கழித்து, 1974 ஜனவரியில் நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் பொதுநலவாய விளையாட்டுப் போட்டி தொடங்கியது. கென்யாவின் ஸ்டீபன் முச்சோக்கி அந்த எடைப்பிரிவில் தங்கம் வென்றார். பிறகு உலக சம்பியனாகவும் ஆனவர் அவர். அதே பிரிவில் காதர் வெண்கலம் வென்றார். குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம் கொடுப்பது வழக்கம். ஏற்கெனவே அடிபட்ட உடம்பை மூன்றாமிடத்துக்காக இன்னொருமுறை மோதவிடக் கூடாது என்ற கரிசனை அதில் இருக்கிறது. இந்த விளையாட்டின் விதிகளில் அங்கங்கே இப்படியொரு இரக்கம் ஒளிந்திருப்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது தேவைப்படும்.

பழக்குகிறவரின் கணக்கு

வழமையாக ஒரு விளையாட்டு வீரரின் வரலாறு பதக்கத்தோடு முடிந்துவிடும். காதரின் வரலாறு அங்கிருந்துதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. மோதுவதை விட்டபின் அவர் குத்துச்சண்டையை விடவில்லை. பயிற்றுநரானார். தேசிய வீரர்களைப் பழக்கினார். தன் பெயரிலேயே ஒரு குத்துச்சண்டைப் பள்ளி நடத்தினார். பிற்காலத்தில் நாட்டின் குத்துச்சண்டைச் சங்கத்துக்கே தலைவரானார். மோதியவர், பழக்கியவர், நிர்வகித்தவர் என்று ஒரே மனிதர் மூன்று வேலையும் பார்த்தார்.

இத்தனைக்கும் பிறகு ஓர் உண்மை இருக்கிறது. அவருக்குப் பின் 2024 பரிஸ் ஒலிம்பிக் வரை சிங்கப்பூரிலிருந்து வேறொரு குத்துச்சண்டை வீரரும் ஒலிம்பிக் மேடை ஏறவில்லை. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது.

இதை வாசித்தபோது சரித்திர ஆசிரியனான எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பேரனிடம் சொன்னேன். அவன் உடனே, "அப்ப அவர் பழக்கினது வீண்தானே, மூத்தாப்பா?" என்றான்.

நான் முப்பத்திரண்டு வருஷம் படிப்பித்தவன். என்னிடம் சரித்திரம் படித்த ஒரு பிள்ளையும் சரித்திரப் பேராசிரியர் ஆகவில்லை. ஒருவர் மீன்பிடிக்கிறார், ஒருவர் தாதி, ஒருவர் பிரதேச சபையில் இருக்கிறார், பல பேர் வெளிநாட்டில். என் உழைப்பு வீண் என்று நான் நினைக்கவில்லை. பயிற்றுநரின் கணக்கும் அப்படித்தான். எத்தனை பேரைப் பதக்கமேடைக்கு அனுப்பினார் என்பது ஒரு கணக்கு. எத்தனை பிள்ளைகள் மாலைநேரத்தில் வேறெங்கும் போகாமல் அவரிடம் வந்து நின்றார்கள் என்பது இன்னொரு கணக்கு. இரண்டாவதை எந்தப் பத்திரிகையும் போடுவதில்லை.

கிதிர்ப்பூரிலிருந்து ஒருவர்

காதரை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வரக்கூடாது என்பதற்காக இன்னொரு துறைமுகத்துக்குப் போகிறேன். கொல்கத்தாவின் கிதிர்ப்பூர் கப்பற்றுறைப் பகுதி. முஸ்லிம்கள் நெருக்கமாக வாழும் இடம். அங்கே உருவானவர் முஹம்மத் அலி கமர். பேரைக் கேட்டதும் பேரன் சிரித்துவிட்டான். ஆனால் இவரும் காதரின் அதே 48 கிலோப் பிரிவுக்காரர். 2002இல் மான்செஸ்டரில் நடந்த பொதுநலவாயப் போட்டியில் இங்கிலாந்தின் டாரன் லேங்லியை இறுதிப்போட்டியில் வென்று தங்கம் பெற்றார். பொதுநலவாயக் குத்துச்சண்டையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதற்தங்கம் அது. அந்த ஆண்டு அர்ஜுனா விருதும் கிடைத்தது.

கமரும் பிறகு பயிற்றுநரானார். 2019இல் இந்தியப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்றுநர் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு 38 வயது. அந்த ஆண்டு ரஷ்யாவின் உலான் உடேயில் நடந்த உலக சம்பியன்ஷிப்பில் அவருடைய அணி ஒரு வெள்ளியும் மூன்று வெண்கலமும் வென்றது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நாலு பெண்கள் தகுதி பெற்றார்கள். அவர்களில் அசாம் மாநிலக் கிராமத்துப் பெண் லவ்லினா போர்கோஹெய்ன் 2021இல் வெண்கலத்தோடு திரும்பினார். அதே வருஷ முடிவுக்குள் தலைமைப் பயிற்றுநர் பொறுப்பு வேறொருவருக்குப் போய்விட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவருக்குப் பின் அரை நூற்றாண்டாக இன்னொருவர் ஒலிம்பிக்குப் போகவில்லை, ஆனாலும் அவர் அந்த விளையாட்டைவிட்டு எழும்பிப் போகவில்லை. மற்றவருடைய அணி பதக்கம் வாங்கியது, ஆனாலும் அவருடைய நாற்காலி நிலைக்கவில்லை. பயிற்றுநர் வேலையில் கூலிக்கும் உழைப்புக்கும் நேர்க்கணக்கு இல்லை. அதைத் தெரிந்துகொண்டே செய்கிறவர்கள்தான் அதைச் செய்கிறார்கள்.

நாற்காலியில் இருந்தவர்கள்

நிர்வாகம் என்றால் நம்மவர்களுக்குக் கொஞ்சம் அலுப்பு. கூட்டம், தீர்மானம், தலைவர், செயலாளர், தேநீர் என்று நினைப்போம். ஆனால் குத்துச்சண்டையைக் கெடுத்தது கோதாவுக்குள் விழுந்த குத்துகளைவிட நாற்காலியில் இருந்தவர்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

உலக அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கத்துக்கு 1986 முதல் 2006 வரை, இருபது வருஷம், தலைவராக இருந்தவர் பாகிஸ்தானைச் சேர்ந்த பேராசிரியர் அன்வர் சௌத்ரி. ஒரு முஸ்லிம், ஒரு தெற்காசியர், உலகச் சங்கமொன்றின் தலைமையில் என்று நாம் பெருமைப்பட்டிருக்கலாம். அந்தக் காலத்தில்தான் 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் அமெரிக்காவின் ரோய் ஜோன்ஸ் தெளிவாக வென்ற மோதலைக் கொரிய வீரருக்கு 3க்கு 2 என்று கொடுத்தார்கள். உலகமே வெட்கப்பட்டது. 1992இல் நடுவர்களுக்குப் பொத்தான் வைத்த கணினி முறை வந்தது. அப்போதும் சந்தேகம் தீரவில்லை. 2004 ஏதென்ஸ் போட்டிக்குப் பிறகு சர்வதேச ஒலிம்பிக் குழு அந்தச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நிறுத்திவைத்தது. 2006 தேர்தலில் சௌத்ரி தோற்றார். ஆள் மாறியும் நோய் மாறவில்லை. 2019இல் சங்கம் இடைநிறுத்தப்பட்டது. 2023 ஜூனில் அதன் அங்கீகாரமே பறிபோனது. வேர்ல்ட் பொக்சிங் என்ற புதிய அமைப்பு வந்து, 2025இல்தான் லொஸ் ஏஞ்சல்ஸ் 2028 போட்டியில் குத்துச்சண்டை இருக்கும் என்று உறுதியானது. இடைப்பட்ட வருஷங்களில் உலகெங்கும் சாக்குக் குத்திக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தங்கள் விளையாட்டு ஒலிம்பிக்கில் இருக்குமா இல்லையா என்றே தெரியவில்லை.

நம் நாட்டிலும் ஓர் அனுபவம் உண்டு. 2010இல் டில்லியில் மஞ்சு வன்னியாராச்சி தங்கம் வென்றபோது, ஹென்ரிக்கஸுக்குப் பின் 72 வருஷங்கழித்து வந்த தங்கம் என்று கொண்டாடினோம். பரிசோதனையில் நன்ட்ரொலோன் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து இருப்பதாகத் தெரிந்து பதக்கம் பறிக்கப்பட்டது. அது வேல்ஸ் வீரர் ஒருவருக்குப் போனது. எந்த மருந்து உடம்புக்குள் போகலாம், எது போகக்கூடாது என்று வீரருக்குச் சொல்லிக்கொடுத்துக் கண்காணிக்க வேண்டிய ஏற்பாடு எவ்வளவு முக்கியம் என்பதை அந்த ஒரு பதக்கம் நமக்குக் காட்டியது.

இதனால்தான் மேடையேறி அடிவாங்கிய ஒருவர் நிர்வாகத்துக்கு வருவதை நான் பெரிதாக நினைக்கிறேன். குத்துவாங்கியவருக்குக் குத்தின் கனம் தெரியும். அது மட்டும் போதாது, நேர்மையும் வேண்டும். நம்மவர் என்பதற்காக ஒருவரைத் தலையில் வைத்துக்கொள்வது வரலாறு ஆகாது.

முகம் பற்றிய கேள்வி

இனிப் பள்ளிவாசல் வாசலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டது சும்மா கேட்ட கேள்வியல்ல. ஒருவர் மோத நேர்ந்தால் முகத்தைத் தவிர்த்துக்கொள்ளட்டும் என்ற கருத்திலான நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மக்காவிலுள்ள உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹ் சபை 1987இல் கூடியபோது, இன்று நடக்கும் வடிவத்திலான குத்துச்சண்டை ஆகுமானதல்ல என்று தீர்மானித்தது. எதிராளியின் உடம்புக்குக் கடுமையான தீங்கு செய்வதே அதன் வழி என்பது அவர்கள் காட்டிய காரணம். மறுபுறம், நபி (ஸல்) அவர்கள் ருகானாவோடு மல்யுத்தம் செய்த செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் உண்டு. ஆகவே உடம்பைப் பலப்படுத்துவதையும் விளையாட்டாக மோதுவதையும் மார்க்கம் ஒரேயடியாகத் தள்ளவில்லை. கேள்வி முகத்தையும் தலையையும் பற்றியது.

மருத்துவமும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. 1980இல் முஹம்மத் அலி மதராஸுக்கு வந்து, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். முன்னிலையில் நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதைக் கடல் கடந்து இங்கே இருந்த நாங்கள்கூடப் பத்திரிகையில் தேடித்தேடி வாசித்தோம். நாலு வருஷத்தில், 1984இல், அவருக்குப் பார்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 2016இல் காலமாகும்வரை அந்த நடுங்கும் கைகளை உலகம் பார்த்தது. அவர் மீதான நம் அன்பு அந்தக் கைகளை மறைத்துவிடக் கூடாது.

நான் மௌலவி அல்ல. ஃபத்வா சொல்ல எனக்குத் தகுதியில்லை. சரித்திர ஆசிரியனாக ஒன்றைச் சொல்லலாம். இந்த ஆபத்தை உள்ளிருந்து குறைக்கப் பாடுபட்டவர்கள் பயிற்றுநர்களும் நிர்வாகிகளும்தான். வீரரின் மூலையில் நிற்கும் பயிற்றுநரிடம் ஒரு துவாய் இருக்கும். தன் பிள்ளைக்கு இனி முடியாது என்று தெரிந்தால் அதை எறிந்து மோதலை நிறுத்தலாம். அமெச்சூர் விதிப்படி தலையில் அடிபட்டு விழுந்தவர் குறைந்தது 30 நாள் மோதக்கூடாது. மூன்று மாதத்துக்குள் இரண்டாம் முறை அப்படி நேர்ந்தால் மூன்று மாதம், ஒரு வருஷத்துக்குள் மூன்றாம் முறை என்றால் ஒரு வருஷம். அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் கொடுக்கும் வழக்கத்தை மேலே சொன்னேன். அதே இரக்கம்தான் இங்கும்.

ஆனால் இந்த விதியை யார் காப்பாற்றுவது? ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பதிவுப் புத்தகம் இருக்கவேண்டும். எந்தத் தேதியில் மோதினார், எப்படித் தோற்றார், மருத்துவர் என்ன சொன்னார் என்று அதில் எழுதவேண்டும். எழுதாவிட்டால் போன வாரம் விழுந்த பிள்ளையை இந்த வாரம் இன்னோர் ஊரில் மேடையேற்றிவிடுவார்கள். பிள்ளையும் ஆசையில் ஒன்றும் சொல்லாது. நிர்வாகம் என்று நாம் அலுத்துக்கொள்கிற வேலையின் நடுவில் இருப்பது அந்தச் சின்னப் புத்தகம். ஒரு பிள்ளையின் மூளை அதை நம்பி இருக்கிறது.

எழுதாமல் விட்டவை

பேரனின் கேள்விக்கு நான் சொன்ன பெயர்கள் சிங்கப்பூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வந்தன. திருகோணமலை மாவட்டத்திலிருந்து ஒரு பெயரைச் சொல்ல என்னால் முடியவில்லை. நம்மிடையே அறிஞர்களின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. புலவர்கள், வணிகர்கள், அரசியல்வாதிகள் பற்றியும் நூல்கள் உண்டு. உதைபந்தாட்டத்திலும் ஓட்டத்திலும் மல்லுக்கட்டிலும் பெயர்பெற்றவர்களை வயதானவர்கள் தேநீர்க்கடையில் பேசுவார்கள். அவர்கள் மௌத்தானால் அந்தப் பேச்சும் மையித்தோடு போய்விடும். 2006இல் நாங்கள் கந்தளாய்க்கு ஓடியபோது என் வீட்டில் விட்டுப்போன பொருட்களில், பாடசாலை விளையாட்டுப் போட்டி முடிவுகளை 18 வருஷமாக நான் எழுதிவைத்த இரண்டு கொப்பிகளும் இருந்தன. திரும்பி வந்தபோது வீட்டுச் சுவர் இருந்தது. கொப்பிகள் இல்லை. நகைபோனதைப் பற்றி என் மனைவி அழுதாள். நான் எதற்காக அழுதேன் என்று அவளிடம் அப்போது சொல்லவில்லை.

போன மாதம் மூதூர்க் கடையொன்றில் 200 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன். சம்பூருக்குக் கொண்டுபோய் அந்தத் தம்பியிடம் கொடுத்தேன். "இது எதுக்கு சேர்?" என்று கேட்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கச் சொன்னேன். பெயர், பிறந்த தேதி, எடை, வந்த நாள், அடிபட்ட நாள். தலையில் பட்டால் சிவப்பு மையில். கிராமத்து வைத்தியசாலை டொக்டரிடம் வருஷத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும். பதினாறு வயதாகும்வரை ஒருவரையொருவர் முகத்தில் குத்தவிடக் கூடாது, சாக்கும் கயிறடிப்பதும் காலசைவும் போதும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "பதினேழு எண்டு வைப்பம் சேர்" என்றார்.

பள்ளிவாசலில் கேட்ட அந்தப் பெரியவருக்கும் இதையெல்லாம் சொன்னேன். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க எழுதுறதைப் பாத்திட்டுச் சொல்றன்" என்றார். அதுவும் நல்லதுதான்.

பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். முதலில் சம்பூர்ப் பிள்ளையொன்று, அடுத்தவன் என் பேரன். மீன் தராசொன்றில் கயிற்றுத் தொட்டில் கட்டி ஒவ்வொருவராக ஏற்றி எடை பார்த்தார்கள். பேரன் 46 கிலோ. அந்தத் தம்பி எழுத, நான் தேதியைச் சொன்னேன்.